குண்டுச்செடி விளக்கு

அவளுக்குக் கொட்டாவி என்று பேர் வைத்தது நான்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, பொருத்தமான பேர்தான். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், அவளும் நானும் ஒரே மேசைக்காரிகள். இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வரும் படுக்கை விரிப்பின் இரண்டு முனையை அவள் பிடிப்பாள், இரண்டு முனையை நான் பிடிப்பேன். மடிக்க மடிக்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவோம். முகத்துக்கு முகம் வந்து நிற்கிற அந்த நேரம் பார்த்து அவள் ஒரு கொட்டாவி விடுவாள் பாருங்கள், கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். கொட்டாவி ஒட்டுவாரொட்டி. அவள் விட்டால் நான் விடுவேன், நான் விட்டால் பக்கத்து மேசை விடும், கொஞ்ச நேரத்தில் பிரிவு முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

எங்கள் தலைக்கு மேலே பல மாடி. அங்கே ஊர்ப்பட்ட ஜனம் உச்சி வெயில் ஏறுகிறவரை தூங்கும். தூங்கியெழுந்த விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். ஒருநாள் விரிப்போடு சுருண்டு, கதவில் மாட்டுகிற அட்டை ஒன்றும் கீழே வந்துவிட்டது. 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று போட்டிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதக் கழுத்துல மாட்டிக்கலாமாக்கா?" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

வேலையில் மட்டுமல்ல, குடியிருப்பிலும் நாங்கள் ஒரே கட்டிடம். அவள் வீட்டுக்கு நேர் மேல் வீடு என்னுடையது. அதனால் அவள் ஏன் தூங்கவில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் தரைக்குக் கீழே எல்லாம் கேட்கும்.

அவள் புருஷன், எங்கள் பேச்சில் வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர். ஏற்றிய சரக்கை இறக்கப் போனால் இன்னொரு சரக்கு ஏற்றுவார், அதை இறக்கப் போனால் மற்றொன்று. வீட்டுக்கு வருவது விருந்தாளி மாதிரி. மாமனார்தான் வீட்டில். மாமியார் போன பிறகு தனியாக இருந்தவர், அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்துபோய்விட்டார் என்று ஒருநாள் அழைத்துக்கொண்டு வந்து ஹாலில் கட்டில் போட்டார்கள். வயசுக்காலத்தில் அவர் பேக்கரியில் வேலை செய்தவர், ரொட்டி போடுகிறவர். கை இன்னும் போர்வையைப் பிசைந்துகொண்டே இருக்கும். மறதி வந்துவிட்டதே தவிர தங்கமான மனுஷன், ஒரு சுடுசொல் வராது. சாப்பாடு போட்டால் "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்பார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டதை மறந்திருப்பார், அது வேறு விஷயம்.

"அப்பாவப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் லாரி ஏறுவார். அவருடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், வாரம் தவறாமல் போன் போட்டு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "சரி, பாத்துக்கோ" என்பாள். எங்கள் மேற்பார்வையாளர்கூடக் கூடுதலாக ஒரு வண்டி விரிப்பைத் தள்ளிக்கொண்டு வந்து, "இதையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று போவார். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் கை கழுவிவிடுகிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. "சரிங்க" என்பாள், கொட்டாவி விடுவாள்.

அவளிடம் 'பாத்துக்கோ' என்று சொல்லாத ஒரே ஜீவன் குண்டுச்செடிதான்.

அது வந்த கதை இதுதான். ஹோட்டலில் ஒரு விசேஷம். வந்தவர்களுக்கெல்லாம் நினைவாகக் கொடுக்கவென்று உள்ளங்கையளவு தொட்டியில் ஆளுக்கொரு செடி வைத்திருந்தார்கள். சக்குலன்ட் என்று பேராம். இலையெல்லாம் சதைபிடித்துக் குண்டு குண்டாக இருந்ததால் எங்கள் வாயில் குண்டுச்செடி ஆகிவிட்டது. விருந்தாளிகள் பாதிப் பேர் அறையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். குப்பைக்குப் போகவிருந்ததை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நான் தினமும் தண்ணீர் ஊற்றி, பாசமாகப் பார்த்து, சீக்கிரமே அழுகடித்தேன். மற்றவளுகள் கதையும் அதேதான். இவளுக்கு ஊற்ற ஏது நேரம்? மறந்துபோவாள். அதனாலேயே அது பிழைத்துக்கொண்டது. விழுந்த இலையை மண்ணில் போட்டால் அதிலிருந்து ஒரு குட்டி முளைத்தது. ஒன்று நாலாகி, நாலு ஒரு தட்டாகி, தட்டு ஒரு அலமாரியாகி, ஜன்னலோரத்தை அடைத்துக்கொண்டது.

"எதுவும் கேக்காதுக்கா. அதான் பிடிக்கும்" என்பாள். வேலை விட்டு வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் போய் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். ஏதோ ஒரு இலையைத் தொடுவாள். அவ்வளவுதான் அவள் பொழுதுபோக்கு.

அப்புறம் எதிரே கட்டிடம் எழும்பியது. முதலில் தூண், பிறகு சுவர். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் சுவரைத் தொட்டுவிடலாம் என்கிற அளவுக்கு வந்து நின்றது. மேல்மாடிக்காரி எனக்கு ஏதோ வெளிச்சம் மிச்சம் இருந்தது. அவள் ஹாலுக்குள் நடுப்பகலில்கூட விடிகாலை மாதிரி ஒரு சாம்பல் வெளிச்சம்தான். கட்டிலுக்கு நேர் மேலே ஒரு டியூப்லைட் உண்டு. ஆனால் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து, மல்லாந்து படுத்திருக்கும் மாமனாருக்கு அது கூசும், "அணை, அணை" என்று கையால் முகத்தை மூடிக்கொள்வார். அதனால் ஹாலில் லைட் போடுவதையே விட்டுவிட்டாள். சமையலறை விளக்கின் மிச்சத்தில்தான் குடித்தனம்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒருநாள் உள்ளே போய், "அட, செடியெல்லாம் என்னமா வளந்திருக்கு!" என்று வாயைத் திறந்தேன். உண்மையில் வளர்ந்துதான் இருந்தது. கையளவு இருந்தது முழங்கையளவு ஆகியிருந்தது. அவளுக்கும் பெருமைதான். போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். பிறகு போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள். மறுநாள் மடிக்கும் மேசையில், விரிப்பின் அந்த முனையிலிருந்து சொன்னாள்.

"வளரலயாம்க்கா. வெளிச்சம் பத்தாம இழுத்துக்கிட்டுப் போகுதாம். இலைக்கும் இலைக்கும் நடுவுல இடைவெளி விட்டு, வெளுத்து, ஒரு பக்கமாச் சாஞ்சு... பட்டினி கிடக்கறதத்தான் நாம வளத்தின்னு சொல்லிட்டிருந்திருக்கோம்."

அவள் எதற்கும் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. ஆனால் அன்று கொட்டாவியும் விடவில்லை.

கையில் கிடைத்ததைச் சேர்த்து ஒரு செடி லைட் வாங்கினாள். கடையில் அதற்குக் குரோ லைட் என்று பேர். நீளக் குச்சி மாதிரி, அலமாரித் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளலாம். போட்டால் வெள்ளையாக, லேசாகச் சிவப்பு கலந்து, நல்ல வெளிச்சம். வீட்டுக்காரர் போனில் விழுந்து விழுந்து சிரித்தாராம். "மனுஷனுக்கே வீட்ல வெளிச்சம் இல்ல, செடிக்கு லைட்டு கேக்குதா?" சிரிக்கட்டும். இருக்கிற ஒரே பிளக் கட்டிலின் கால்மாட்டில் இருந்ததால் அலமாரியை அங்கே இழுத்து வைத்தாள். வெளிச்சம் மாமனார் கண்ணில் படக்கூடாது என்று அட்டைப்பெட்டியைக் கிழித்து லைட்டுக் குச்சிக்கு முன்னால் மட்டும் ஒரு சின்ன மறைப்பு ஒட்டினாள். அந்த அலமாரி மட்டும் நகைக்கடை மாதிரி ஜொலித்தது, ஹால் முழுக்க அதன் மெல்லிய வெளிச்சம்.

போடவும் அணைக்கவும் அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று ஒரு டைமரும் வாங்கியிருந்தாள். பிளக்கில் சொருகுகிற வட்டமான சாமான். கடிகாரம் மாதிரி மெதுவாகச் சுற்றும். ஓரமெல்லாம் குட்டிக் குட்டிப் பல். எந்த நேரத்துக்கு எரிய வேண்டுமோ அந்த நேரத்துப் பல்லை அமுக்கிவிட வேண்டும். காலையில் நாங்கள் வேலைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தானாக எரியும், சாயங்காலம் பொழுது சாய்ந்ததும் தானாக அணையும். செடிக்குச் சூரியன் மாதிரி. எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள்.

செடி நிமிரத் தொடங்கியது. புதிதாக வந்த இலையெல்லாம் நெருக்கமாக, குண்டாக, பழைய மாதிரி. ஆனால் வீட்டில் இன்னொன்று தலைகீழானது.

மாமனாருக்கு ராத்திரி பகல் கணக்கு ஏற்கனவே கொஞ்சம் தடுமாற்றம்தான். லைட் வந்த பிறகு அது அடியோடு புரண்டுவிட்டது. பகல் முழுக்க அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். பொழுது சாய்ந்து அலமாரி இருண்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "எழுந்திரு, எழுந்திரு, நேரமாச்சு" என்று ஆரம்பிப்பார். மாவு பிசையணும், அடுப்பு மூட்டணும், வண்டிக்காரன் வந்துருவான். கட்டிலை விட்டு இறங்கி வாசல் தாழ்ப்பாளைத் தடவுவார். அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைப்பாள். கண் அசந்திருக்க மாட்டாள், மறுபடி தாழ்ப்பாள் சத்தம். ராத்திரி முழுக்க இப்படியே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்து, இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வேலைக்கு வருவாள்.

பகலில் துணைக்கு ஒரு அம்மாள் வந்து உட்காருவாள். அவளைக் கேட்டால், "தாத்தா மாதிரி நல்ல மனுஷன் கிடைக்கமாட்டாரு. சாப்பாட்டக் குடுத்தா சாப்ட்டுட்டுத் தூங்கிருவாரு. ஒரு தொந்தரவு இல்ல" என்று சான்றிதழ் கொடுப்பாள். கொடுக்க மாட்டாளா பின்னே? அவளும் நாற்காலியில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுகிறவள்தான். அந்த வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள், செடிக்குக்கூட ராத்திரி ஓய்வு இருந்தது. அவள் ஒருத்தியைத் தவிர.

அவள் எப்படி ஆனாள் என்று சொல்கிறேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவாள், இறங்கும் இடத்தில் நான் தோளைத் தட்ட வேண்டும். விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறவள் பாதியில் நின்றுவிடுவாள், கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். ஒருநாள் காணோம் என்று தேடினால், சூடான விரிப்புகளைக் குவித்து வைத்த வண்டிக்குள் சுருண்டு கிடக்கிறாள். மேற்பார்வையாளர் நல்ல மனசுக்காரர்தான், இருந்தாலும் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. "இன்னொரு தடவ இப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். அவள் கன்னத்தில் விரிப்பின் தையல் பதிந்திருந்தது. "சரிங்க" என்றாள்.

சம்பளம் கூட்டு என்று அவள் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, வீடு மாற்று என்று கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு ராத்திரி முழுசான தூக்கம். அதை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் நாத்தனார் நேரிலேயே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே குறையை ஆரம்பிக்கிற ரகம். மூட்டுவலி என்று ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் அலமாரியைக் காட்டினாள்.

"இதுதான் எல்லாத்துக்கும் காரணம். பகல் பூரா இந்த வெளிச்சத்த மூஞ்சில அடிச்சா மனுஷன் எப்படித் தூங்குவாரு?"

"இல்லம்மா, பகல்ல நல்லாத்தான் தூங்கறாரு" என்றாள் துணைக்கு வரும் அம்மாள்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவள் வாயை அடைத்தாள் நாத்தனார். அந்த ஒரு பேச்சைக் காதில் வாங்கியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். யாரும் வாங்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன், நாத்தனாரின் பவிசைப் பார்த்துக்கொண்டு.

பிளக்கைப் பிடுங்கினார்கள். கொஞ்ச நாள் அப்படியே கிடந்தது. அது இன்னும் மோசம். பகலெல்லாம் மங்கல், ராத்திரியெல்லாம் இருட்டு, மாமனாருக்கு எப்போதுமே எழுந்திருக்கிற நேரம்தான். துணைக்கு வந்த அம்மாள் முதன்முறையாக முகம் சுளித்தாள். செடியும் மறுபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்க ஆரம்பித்தது. ஒருநாள் வேலை விட்டு வந்தவள் பையைக்கூட வைக்காமல் குனிந்து பிளக்கைச் சொருகினாள். டைமரைச் சரியான நேரத்துக்குத் திருப்பினாள்.

"நான்தான் தூங்கல. அதுங்களாவது நிமிந்து நிக்கட்டும்" என்றாள்.

நாத்தனாருக்கு விஷயம் எட்டியது. "அப்படின்னா ஒண்ணு பண்ணு. தம்பி வரட்டும், அப்பாவ ஒரு முதியோர் இல்லத்துல சேத்துரலாம். நீ செடியவே பாத்துக்கோ" என்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் மடிக்கும் மேசையில் இதைச் சொல்லிவிட்டு இவள் என்னைப் பார்த்தாள். நானாக இருந்தால் அன்றைக்கே மாமனாருக்குப் பெட்டியைக் கட்டி அனுப்பியிருப்பேன், அப்படித்தான் அவளிடமும் சொன்னேன்.

"எனக்கும் அனுப்பிரலாம்னுதான்க்கா தோணுது" என்றாள். "பொய் சொல்லல. ஆனா அங்க போய் ராத்திரி எந்திரிச்சு மாவு பிசையணும்னு நின்னாருன்னா, அவங்க கட்டிப்போட்டுருவாங்களோன்னு இருக்கு. அப்புறம் நான் எங்க தூங்க?"

விரிப்பின் முனையைக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் வருவதற்குச் சில நாள் முன்னால், ஒரு காலையில் நாங்கள் போய் நின்றால் பஸ் வரவில்லை. ஓட்டுநர்கள் வேலைநிறுத்தமாம். நின்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தோம். என் வீட்டில் பால் இல்லை, டீ போட்டுக் குடிக்கலாம் என்று நானும் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். துணைக்கு வரும் அம்மாள் இன்னும் வந்திருக்கவில்லை, அவள் வரும்வரை கதவு வெளியே பூட்டித்தான் இருக்கும். வெளியே நன்றாக விடிந்திருந்தது, ஹாலுக்குள் எப்போதும் போல அதே சாம்பல். மாமனார் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போர்வையை அழுத்தி அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தார். ராத்திரி முழுக்க வேலை செய்தவரின் களைப்பு அவர் முகத்தில்.

அப்போது டைமர் டொக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. அலமாரி வெளிச்சமானது.

மாமனாரின் கை நின்றது. அலமாரியைப் பார்த்தார். முகம் அப்படியே தளர்ந்தது, சுமையை இறக்கி வைத்த மாதிரி.

"விளக்கு வச்சாச்சா?" என்றார். "அப்ப சரி. சாப்பாடு இருந்தா போடும்மா, படுக்கணும். கருக்கல்ல எந்திரிக்கணும்ல."

சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். முதலில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது, ஏன் என்று தெரியாமலே. அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த பையைக் கீழே விட்டாள்.

"அக்கா... நான் போட்டது சூரியன்னு நெனச்சேன். அவருக்கு அது விளக்கு."

வேறென்ன இருக்கும் அவருக்கு? நாமெல்லாம் அப்படித்தானே சொல்லி வளர்ந்தோம். விளக்கு வைக்கிற நேரம் என்றால் சாயங்காலம். அதிலும் அவர் ரொட்டி போட்டவர். ஊரெல்லாம் விளக்கு வைக்கும்போது சாப்பிட்டுப் படுத்து, விளக்கெல்லாம் அணைந்த இருட்டில் எழுந்து மாவு பிசைந்தே ஆயுசைக் கழித்தவர். அவள் தினமும் காலையில் விளக்கு வைத்து அவரைத் தூங்க வைத்திருக்கிறாள், சாயங்காலம் விளக்கை அணைத்து வேலைக்கு எழுப்பியிருக்கிறாள். அவர் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறார். ஒரு நாள்கூட நேரம் தவறவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அந்த வீட்டின்மேல், அந்தச் சுவரின்மேல், அவளைத் தூங்கவிடாத எல்லோர்மேலும் கோபம் கோபமாக வந்தது.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அலமாரிக்குப் பின்னால் போய், டைமரைக் கழற்றி எடுத்துவந்தாள். அமுக்கியிருந்த பல்லையெல்லாம் நகத்தால் தூக்கிவிட்டாள். தூக்கியிருந்ததையெல்லாம் அமுக்கினாள். சாயங்காலம் எரிந்து, ராத்திரி முழுக்க எரிந்து, விடிந்ததும் அணைகிற மாதிரி.

"ஏய், செடி கோவிச்சுக்கப் போகுது. அதுக்குப் பகல்லதானே வெளிச்சம் வேணும்?" என்றேன்.

"அதுக்கு வெளிச்சம் வேணும், அவ்ளோதான். மணி பாக்கவா தெரியும்?" என்றாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். புரண்டது திரும்பிப் புரள நாளாயிற்று. இடையில் ஒரு கட்டம், அவர் எப்போது தூங்குவார் எப்போது எழுவார் என்றே தெரியாமல் எல்லோரும் திண்டாடினோம். மெல்ல மெல்லப் பிடிபட்டது. சாயங்காலம் அலமாரி வெளிச்சமானதும் "விளக்கு வச்சாச்சா?" என்பார், சாப்பிடுவார், படுப்பார். ராத்திரி நடுவில் கண் விழித்தாலும் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். காலையில் அது அணைந்ததும் எழுந்து உட்கார்ந்து மாவு பிசைவார். துணைக்கு வரும் அம்மாள்தான் பாவம். "இப்பல்லாம் தாத்தா கண்ணே மூடமாட்டேங்கறாரு, பேசிக்கிட்டே இருக்காரு" என்று மூக்கால் அழுதாள். அழட்டும், சம்பளம் அதற்குத்தானே.

வீட்டுக்காரர் வந்தார், அப்பா குறட்டை விடுவதைப் பார்த்தார், இல்லம் பேச்சு அதோடு போயிற்று. நாத்தனாருக்குத்தான் என்ன குறை சொல்வது என்று பிடிபடவில்லை. "அதுக்காக ராத்திரி பூராவா செடிக்கு லைட்டு எரியும்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கொட்டாவி நிற்கவில்லை.

மாமனார் தூங்கினார், செடி நிமிர்ந்தது, அவளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுப்பாளாம், கண் மூடாதாம். தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காது காத்துக்கொண்டே இருக்குமாம். சத்தம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுந்து பார்ப்பாளாம். நாள்கணக்காய்ப் பட்டினி கிடந்த வயிறு சோற்றைக் கண்டதும் வேண்டாம் என்னுமே, அந்த மாதிரி. பொட்டுத் தூக்கம் இல்லை. இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நாங்கள் நடுவில் சந்திக்கும்போது அவள் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

"டாக்டர்ட்ட போ" என்றேன். "போகணும்க்கா" என்றாள். யார் கூட்டிப்போவது, அந்த நேரம் மாமனாரை யார் பார்த்துக்கொள்வது. அது அப்படியே நின்றது.

ஒருநாள் சாயங்காலம், மொட்டைமாடியில் அவள் மறந்துவிட்டு வந்த துணிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கதவு திறந்துதான் இருந்தது. வேலைக்குப் போய் மடித்தது போதாதென்று, ஹால் நடுவில் நின்று வீட்டு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆளாக மடிப்பதால் இரண்டு முனை கையில், மற்ற இரண்டை முகவாயில் இடுக்கிக்கொண்டு. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மாமனார் தலையணையில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்கென்றது. அலமாரி வெளிச்சமானது. வரிசையாகக் குண்டுச்செடிகள், ஒன்றுகூடச் சாயாமல்.

"விளக்கு வச்சாச்சா?" என்றார்.

"ஆச்சு மாமா" என்றாள் முகவாயை எடுக்காமலே.

வழக்கமாக அடுத்து சாப்பாடு கேட்பார். அன்று கேட்கவில்லை.

"விளக்கு வச்சாச்சு, இன்னும் என்னம்மா நின்னுக்கிட்டே இருக்கே?" என்றார். "போதும், விடு. பிசைஞ்சு வச்சாச்சுல்ல? இனிமே மாவு அதுபாட்டுக்குப் பொங்கும். நீ படுத்துக்கோ."

விரிப்பு முகவாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

அவரைப் பொறுத்தவரை அவள் யாரோ பேக்கரி ஆளாக இருக்கலாம். அவளாகவே இருந்தாலும் அடுத்த நிமிஷம் மறந்துபோவார். அதனால் என்ன? அவள் அந்த வீட்டில் காலடி வைத்ததிலிருந்து பாத்துக்கோ, பாத்துக்கோ என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். படுத்துக்கோ என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை.

"சரி மாமா" என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. விழுந்த விரிப்பின் மேலேயே உட்கார்ந்தாள், சாய்ந்தாள், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். நான் துணியைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் வாய் லேசாகத் திறந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் ஒட்டிப்போன கன்னத்துக் குழி நன்றாகத் தெரிந்தது. மூச்சு நீளமாக வந்தது.

நான் போய் அடுப்பை அணைத்தேன். மாமனாருக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு அவரும் படுத்துவிட்டார். கதவைத் தாழிட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவளுடைய போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். நாத்தனார்.

"அவ தூங்கறா" என்றேன்.

"தூங்கறாளா? விளக்கு வச்ச நேரத்துல ஒரு பொம்பளை தூங்குவாளா? எழுப்பு அவள."

"விளக்கு வச்சாச்சு, அதான் தூங்கறா" என்று சொல்லிவிட்டு, போனை அணைத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.